காரணம் சொல்லி நிறுத்திய விளம்பரம்

கண்ணு,

நம் கிரைண்டர் உற்பத்தியாளர்கள் சங்கத்தின் மாத இதழில், இந்தப் பக்கங்களில் வழக்கமாக நம் கம்பெனி விளம்பரம்தான் வரும். இந்த மாதம் கிரைண்டர் படத்துக்குப் பதிலாக உனக்கு ஒரு கடிதம் வருகிறது. இதழின் ஆசிரியர் நல்ல மனிதர். எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, இதை விளம்பரம் என்று போடுவதா, கட்டுரை என்று போடுவதா என்று தெரியாமல் தவித்தார். விளம்பரம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், கட்டுரை என்றால் யாரும் படிக்க மாட்டார்கள், எது உங்களுக்கு வசதியோ அப்படிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதை உனக்கு வாட்ஸப்பிலேயே அனுப்பியிருக்கலாம். நான் அனுப்புவதை நீ படிக்கிறாய் என்று நீல டிக் சொல்கிறது. பதில் போடுவதில்லை என்பதைச் சொல்ல டிக் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் நீ கோபித்துக்கொண்டது, சொல்ல வேண்டிய ஒன்றை நான் நாலு பேர் காதில் விழும்படி சொல்லவில்லை என்பதற்காக. அதனால் நாலு பேர் படிக்கிற இடமாகப் பார்த்து எழுதுகிறேன். இந்த இதழை நாலு பேருக்கு மேல் படிப்பதாகவும் தெரியவில்லை.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமல்லவா. உள்ளூர் கேபிள் சேனலின் எட்டு மணி நிகழ்ச்சியை நம் கம்பெனி பல வருஷமாக வழங்கி வந்தது. திரையின் கீழே ஒரு பட்டை ஓடும். அதில் முதலில் நம் கிரைண்டர் பெயர், அதன் பின்னால் டீலர்களின் கடைப் பெயரும் ஊரும் போன் நம்பரும் வரிசையாக வரும். செலவில் ஒரு பங்கு நம்முடையது, மீதியை டீலர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டை உன் வயசில் நான்தான் கண்டுபிடித்தேன், அந்தப் பெருமை எனக்கு நெடுநாள் இருந்தது. அந்த வரிசையில் இரண்டாவதாக ஓடுவது உக்கடம் பஷீர் பாய் கடை. நாம் கணபதியில் ஒற்றை லேத்தை வைத்துக்கொண்டு கிரைண்டர் செய்ய ஆரம்பித்தபோது, இது அரைக்குமா என்று கேட்காமல் கடை வாசலில் எடுத்து வைத்த முதல் ஆள் அவர்தான். சேனலின் சொந்தக்காரர் சோமனூர் துரைசாமி. தறி ஓட்டுகிறவர். வருமானத்துக்குத் தறி, மரியாதைக்குச் சேனல் என்று வைத்திருந்தார். உன் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, தியேட்டர் வாசலில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முடியும்வரை என் கூடவே இருந்தவர் அவர்.

எட்டு மணிக்கு முன்பெல்லாம் சாக்கடை அடைப்பு, கும்பாபிஷேகம், தண்ணீர் வராத வார்டு என்று நாட்டுக்கு உபயோகமான செய்திகள் வரும். போன வருஷம் அந்த நேரத்தில் ஒரு பேச்சாளரை உட்கார வைத்தார்கள். நெற்றி நிறைய, குரல் நிறைய, சந்தேகம் என்பதே இல்லாத மனிதர். முஸ்லிம்கள் கடையில் எதுவும் வாங்கக் கூடாது, அவர்களுக்கு வீடு வாடகைக்கு விடக் கூடாது, அவர்கள் கைபட்ட பழத்தைச் சாப்பிடக் கூடாது என்று தினமும் ஒன்றாக எடுத்துச் சொல்லி வந்தார். அவர்களெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, உன் அம்மா என்னிடம் தெலுங்கில் உப்பு வேண்டுமா என்று கேட்டாள். நான் தெலுங்கிலேயே போதும் என்றேன். எங்கள் இருவருக்கும் அதில் எதுவும் உறைக்கவில்லை. முஸ்லிம் கடையில் வாங்காதீர்கள் என்று மேலே அவர் சொல்லச் சொல்ல, கீழே பஷீர் பாய் கடைப் பெயரும் போன் நம்பரும் ஓடிக்கொண்டிருந்தன. தன் கடைக்கு யாரும் போகாதீர்கள் என்று ஊருக்குச் சொல்லும் செலவில் ஒரு பங்கை அந்த மனிதர் ஒவ்வொரு மாதமும் தவறாமல் கொடுத்து வந்தார். வியாபாரம் பற்றி நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். இப்படி ஒரு ஏற்பாட்டை எங்கும் படித்ததில்லை.

தீபாவளிக்கு நீ பெங்களூரிலிருந்து வந்தபோதுதான் இதை ஒரு விஷயமாகப் பார்த்தாய். எந்தக் கம்பெனி விளம்பரம் எந்த நிகழ்ச்சியில் வர வேண்டும் என்று முடிவு செய்வதுதான் உன் வேலை என்பதால், மற்றவர்கள் படத்தைப் பார்க்கும்போது நீ பட்டையைப் பார்க்கிறாய். இப்படிப்பட்ட பேச்சு வருகிற இடத்திலிருந்து பெரிய பெரிய கம்பெனிகள் விளம்பரத்தை விலக்கிக்கொள்வதைப் பற்றிச் சொன்னாய். நான் அதை உன் ஆபீஸ் கதையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, இந்த ஆளுக்கு மைக் வாங்கிக் குடுத்திருக்கறது நாம்தான்" என்றாய். வீட்டில் நாம் தெலுங்குதான் பேசுவோம், சண்டை மட்டும் எப்போதும் தமிழில். நீ தமிழுக்கு மாறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "கீழே ஓடற பட்டைக்குத்தான் கண்ணு நாம காசு குடுக்கறோம், மேல பேசற வாய்க்கு இல்ல" என்றேன். அன்றைக்கு அது எனக்கு நல்ல பதிலாகத்தான் தோன்றியது. சொன்ன மறுநொடியே இனிப்புத் தட்டை உன் பக்கம் நகர்த்தினேன். நீ எடுத்துக்கொண்டாய், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

நீ விளம்பரத்தை எடுக்கச் சொல்ல, நிறுத்துவதாக உனக்கு வாக்குக் கொடுத்தேன். நிறுத்தவில்லை. அது பயத்தினால் அல்ல, கண்ணு. பயம் என்றால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். துரைசாமியிடம் போய் என்ன காரணம் சொல்வது என்று தெரியாததுதான். நம் ஊரில் ஒருவரிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி நீ பார்த்திருக்கிறாயா? பெண் பிடிக்கவில்லை என்றாலும் ஜாதகம் பொருந்தவில்லை, மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றாலும் ஜாதகம் பொருந்தவில்லை, மாமனார் சத்தமாக ஏப்பம் விடுகிறார் என்றாலும் ஜாதகம் பொருந்தவில்லை. கொங்கு நாட்டில் நவக்கிரகங்கள் சுமந்திருக்கிற பழிக்கு அளவே கிடையாது. உனக்கு வந்த அந்த மேட்டுப்பாளையத்துச் சம்பந்தம் நினைவிருக்கிறதா? அந்த வீட்டு நடப்பு எனக்குப் பிடிக்காமல், செவ்வாய் சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் வேறொரு ஜோசியரைப் பிடித்துச் செவ்வாயைச் சரி செய்துகொண்டு, அடுத்த வாரமே பழத்தட்டோடு வந்து நின்றார்கள். நீ ஆபீஸ் வேலை என்று மூன்று மாதம் ஊர்ப் பக்கமே வரவில்லை. அப்போதே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். ராகுவைக் காட்டியிருக்கலாம் என்று மட்டும்தான் தோன்றியது.

கார்த்திகையில் பஷீர் பாய் பட்டறைக்கு வந்தார். எப்போதும் வந்தால் நேரே டெஸ்டிங் இடத்துக்குப் போய், அரைபடுகிற உளுந்தில் விரலை விட்டுப் பார்த்து, மாவு சூடாகிறதே என்று ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் என் மேஜைக்கு வருவார். அன்று நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தார். மழை, மேம்பாலம், மருமகனின் துபாய் வேலை என்று சுற்றி வந்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்ணா. டிவியில ஓடற பேர்ல நம்ம கடைப் பேர மட்டும் எடுத்துப்போட்டா தேவலைங்க. பங்கு வழக்கம்போலக் குடுத்தர்றனுங்க" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. யார் மனமும் நோகாமல் ஒரு காரியம் கைக்கு வந்திருக்கிறது. பங்கெல்லாம் வேண்டாம் பாய் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் எதிரிலேயே சேனலுக்குப் போன் செய்து, அந்தப் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்து, டெஸ்டிங் பக்கம் திரும்பிப் பார்க்காமலே போனார்.

அந்த மாதக் கடைசியில் நீ வந்தாய். மதியச் சாப்பாட்டில், நல்ல செய்தி சொல்கிறவனைப் போல நான் இதைச் சொன்னேன். பாய்க்கு ஒரு சங்கடம் இருந்தது, அதைத் தீர்த்து வைத்துவிட்டேன் என்றுதான் ஆரம்பித்தேன். நீ ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் கரண்டியை வைத்துவிட்டாய்.

"வெளம்பரத்த எடுக்கச் சொன்னா, பாய எடுத்திருக்கீங்க."

"அவருதான் கண்ணு கேட்டாரு. கேட்டதத்தான செஞ்சேன்."

"ஏன் கேக்கறாருன்னு நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நீ எழுந்து போய் அவருக்குப் போன் செய்து, திரும்பி வந்து சொன்னாய். பட்டையில் ஓடிய நம்பரைப் பார்த்துத் தினமும் யாராவது கூப்பிட்டு, அவர் மனைவி எடுத்தாலும் பேரப்பிள்ளை எடுத்தாலும் வாயில் வந்ததைப் பேசியிருக்கிறார்கள். எட்டரை மணிக்கு ஆரம்பிக்கும் அழைப்புகள் படுக்கப் போகும்வரை நிற்காதாம். இதை என்னிடம் சொன்னால் நான் சங்கடப்படுவேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் சங்கடப்படுவாரே என்று நானும் கேட்கவில்லை. இவ்வளவு மரியாதை தெரிந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உபகாரம் அது. நீ தட்டில் மீதியிருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பையை எடுத்தாய். அதில் உன் அம்மாவின் வளர்ப்பு தெரிந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நிறுத்துங்க. ஏன் நிறுத்தறோம்னு சேனல்காரருகிட்டச் சொல்லி நிறுத்துங்க. அதுக்கப்பறம் வாரேன்" என்றாய். போய்வருகிறேன் என்று சொல்லாமல் இந்த வீட்டிலிருந்து யாரும் போனதில்லை. அன்று நீ போனாய்.

அதற்குப் பிறகு உன் குரலை நான் நேரே கேட்கவில்லை. உன் அம்மாவோடு நீ பேசும்போது அவள் சொல்லும் பாதி மட்டும் அடுத்த அறையிலிருந்து எனக்குக் கேட்கும். "சளி தேவலையா", "அதையேவா தினமும் சாப்பிடறே", "அப்பாவா, இருக்காரு" என்கிற பாதி. மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். நான் நிரப்புகிற பாதியில் நீ என்னைப் பற்றி நிறைய விசாரிக்கிறாய். பொங்கலுக்கு நீ வரவில்லை. உன் அம்மா வழக்கமான அளவுக்கே பொங்கல் வைத்தாள், மிச்சம் ஆகும் என்று தெரிந்தேதான் வைத்தாள். சக்கரைப் பொங்கலை மூன்று வேளையும் சாப்பிட்டு, சுகர் டாக்டரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாட்டுப் பொங்கல் அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நீ எங்கே என்று கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்வதைப் போல அதுவும் எனக்குத் தடங்கலில்லாமல் வந்தது.

பொங்கல் கழிந்ததும் விளம்பரத்தை நிறுத்தினேன். நீ சொன்னதில் முதல் பாதியைச் செய்தால் இரண்டாவது பாதியைத் தள்ளுபடி செய்வாய் என்று ஒரு கணக்கு. துரைசாமிக்குப் போன் போட்டு, வியாபாரம் மந்தம், மார்ச் வரைக்கும் பட்ஜெட் இல்லை என்றேன். அவர் பதறிப் போனார். எனக்குப் பண முடை என்று நினைத்து, வேண்டுமானால் கைமாற்றாக ஏதாவது தரட்டுமா என்று கேட்டார். இல்லை இல்லை என்று வைத்துவிட்டேன். அன்று எட்டு மணிக்கு டிவியைப் போட்டால் பட்டை ஓடுகிறது. மறுநாளும் ஓடுகிறது. கூப்பிட்டுக் கேட்டதற்கு, "பட்ஜெட் இல்லீன்னா என்னங்ணா, நம்ம சேனல் உங்க சேனலுங்க. காசு எப்ப வேணா பாத்துக்கலாம், ஓடறது ஓடட்டும்" என்றார். உன் ஆபீஸில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டாய். விளம்பரத்தை விலக்கிக்கொண்ட கம்பெனி மேல் அன்பு மிகுந்து, அதே விளம்பரத்தை இலவசமாக, முன்னைவிடப் பெரிய எழுத்தில் ஓட்டுகிற ஊர் நம்முடையது. பேச்சாளர் அந்த வாரம் ஒரு நாள், தொடர்ந்து ஆதரவு தரும் நல்ல உள்ளங்களுக்கு நன்றி என்று நம் பெயரை வாயாலேயே சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வெட்கத்தோடு சொல்கிறேன், நீ சொல்லி விளங்கவில்லை, துரைசாமியின் நல்ல குணத்தால்தான் விளங்கியது. காரணத்தைச் சொல்லாதவரை நான் எதையும் நிறுத்தியவன் ஆக முடியாது. என் பொய் அவருக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. அந்தப் பேச்சில் தவறு இருக்கிறது என்று ஒரு மனிதர்கூட அவரிடம் சொன்னதில்லை. விலகியவர்கள் இருந்திருக்கலாம், அவர்களும் என்னைப் போல ஜிஎஸ்டி, ஆடி மாதம், மூலப்பொருள் விலை என்று சொல்லி விலகியிருப்பார்கள். நல்லவர்கள் எல்லாம் வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டு போனால், இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மாசியில் ஒரு நாள் சோமனூருக்குப் போனேன். உன் அம்மா தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம், நீ இருந்தால் துரைசாமி உன் உடம்பைப் பற்றி விசாரிப்பார், அப்புறம் எனக்கு வாய் வராது என்று விட்டுவிட்டுப் போனேன். அவர் வீட்டில் இல்லை, தறிக் கொட்டகையில் இருந்தார். எனக்கு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டச் சொல்லி, தறிகளுக்கு நடுவிலேயே உட்கார வைத்தார். வழியெல்லாம் நான் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தை, அந்தச் சத்தத்தில் மெல்லச் சொல்ல வழியே இல்லை. முதல் தடவை சொன்னேன். "என்னங்ணா, கேக்கலீங்க" என்று காதைக் கிட்டத்தில் கொண்டு வந்தார். இரண்டாம் தடவை கத்த வேண்டியதாயிற்று. "உங்க சேனல்ல முஸ்லிம்களப் பத்திப் பேசறது தப்பு, துரை. அதுக்குக் கீழ எங்க பேரு ஓடக் கூடாது. அதுக்காகத்தான் நிறுத்தறேன். பட்ஜெட் எல்லாம் இருக்குது." தறிக்காரர்கள் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அறுபது வயசுக்கு மேல் நான் கத்திச் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

துரைசாமி என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்து வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அது தன் கருத்தே இல்லை என்றார். பாய்மார்கள் பலர் தனக்குச் சொந்தம் மாதிரி என்றும், பஷீர் பாய் மகள் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்தவன் தான் என்றும் சொன்னார். அந்தப் பேச்சு வந்த பிறகுதான் சேனலை ஊரே பார்க்கிறது, என்ன செய்வது என்றார். அந்த மனிதரிடம் வெறுப்பு ஒரு துளிகூட இல்லை, கண்ணு. இருந்தால் நான் எழுதுவதற்கு இன்னும் கொஞ்சம் வசதியாக இருக்கும். கடைசியில், "நீங்க இதச் சொல்லாம நிறுத்தியிருக்கலாமுங்ணா" என்றார். "சொல்லாமத்தான நிறுத்துனேன். நீங்க நிறுத்தலியே" என்றேன். அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஒரு நிமிஷம் பழையபடி இருந்தோம். இளநீரைக் குடிக்காமல் போகக் கூடாது என்றார், குடித்தேன். கார் வரைக்கும் வந்து கதவைச் சாத்தினார். அன்றோடு சரி. பட்டை அன்றே நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் அவர் போனும் நின்றது. அந்த நேரத்துக்கு இப்போதும் போனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறேன்.

விஷயம் கொட்டகையிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆகவில்லை. எனக்கும் அழைப்புகள் வரத் தொடங்கின. அதிலும் நம் ஊர்ப் பண்பாடு குறையவில்லை. ஒருவர், "ஏனுங்க, கிரைண்டர் கம்பெனி மொதலாளிங்களா? நாளைக்கு உங்க கிரைண்டர நடுரோட்ல ஒடைக்கறமுங்க. மனசுல எதும் வெச்சுக்காதீங்க" என்றார். சொன்னபடியே ஒரு நாற்சந்தியில் வைத்து உடைத்து, படம் பிடித்துப் போட்டார்கள். டிரம் நசுங்கியது. கல் உடையவில்லை. சம்மட்டியின் தலைதான் கழன்று பறந்து, உடைத்துக்கொண்டிருந்தவர்களைச் சிதற அடித்தது. ஊத்துக்குளிக் கல்லின் உறுதியை இத்தனை வருஷத்தில் நம் எந்த விளம்பரத்திலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. ஆனாலும் விற்பனை இறங்கியது நிஜம், சில டீலர்கள் சரக்கு எடுப்பதைக் குறைத்ததும் நிஜம். பட்டறையில் ஒரு ஷிப்டை நிறுத்தி, ஆட்களை யாரையும் அனுப்பாமல் இரண்டாவதோடு சேர்த்து ஓட்டுகிறோம். நம் சங்கத்துக்காரர்கள் பலர் தனித்தனியாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காரியம் செய்தீர்கள், எங்கள் மனசில் இருப்பதும் அதுதான், ஆனால் எங்கள் பேரை எங்கேயும் சொல்லிவிடாதீர்கள் என்றார்கள். இதைப் படிக்கிறவர்களில் அவர்களும் இருப்பார்கள். பேர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதெல்லாம் முடிந்து உக்கடத்துக்குப் போனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன் என்று இப்போது தெரிகிறது. பஷீர் பாய் டீ வரவழைத்தார், மாவு அரைக்கிற அம்மிணி ஒருவருக்குக் குழவிக்கல் மாற்றிக் கொடுத்து அனுப்பினார், பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்து, தனக்காக இவ்வளவும் செய்துவிட்டேனே என்று வருத்தப்பட்டார். உங்களுக்காக இல்லை பாய், என் பேர் அதில் ஓடியதற்காக என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததாகத் தோன்றியது. அடுத்த மாதத்திலிருந்து பேப்பரில் விளம்பரம் கொடுக்கப் போகிறோம், டீலர் வரிசையில் உங்கள் கடையை முதலில் போடுகிறேன் என்றேன். "வேண்டாங்ணா. பேரில்லாமயே யாவாரம் நடக்குதுங்க. அப்படியே இருக்கட்டும்" என்றார். கோபம் இல்லை, குறை சொல்லும் தொனி இல்லை. டீ ஆறுகிறது என்று நினைவூட்டினார். எந்தப் பெயரை நான் ஒரே போனில் எடுத்தேனோ, அதைத் திரும்பப் போட எத்தனை போன் செய்தாலும் முடியாது என்று அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டேன். நீ கோபப்பட்டது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். நான் அதைத் தைரியத்தைப் பற்றிய கோபம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது அவர் உன்னைப் பற்றிக் கேட்டார். "தம்பி வந்தாப்லீங்களா?" இல்லை என்றேன். "நான் வேணா ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுங்களா?" என்றார். பேசச் சொல்லியிருந்தால் நீ அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாய், அது எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. வேண்டாம் பாய், இதையும் உங்கள் தலையில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த வருஷம் நான் செய்ததில் உன்னிடம் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடியது, சோமனூரில் கத்தியதைவிட, இது ஒன்றுதான்.

கடிதம் என்றால் பிள்ளைக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். ஒரு காரியத்தை விட்டு விலகும்போது எதனால் விலகுகிறாய் என்று சொல்லிவிட்டு விலகு. உனக்கு எதிரே இருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே, பெரும்பாலும் அவர் உனக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பவராக இருப்பார். உன்னிடம் ஒருவர் சின்னதாக ஒன்றைக் கேட்டால், பெரிதாக எதைக் கேட்காமல் விடுகிறார் என்று பார். இதில் ஒன்றுகூட நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததல்ல, உன்னிடமிருந்து வந்ததுதான் என்பதால், இதை அறிவுரையாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

இந்தச் சில மாதங்களில் உன்னை வரச் சொல்லி நான் அனுப்பிய செய்திகளை இப்போது எடுத்துப் பார்த்தேன். பாங்கில் நாமினி கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒன்று. ஆதார் அப்டேட் என்று ஒன்று. மாடியில் உன் பீரோவைக் கரையான் அரிக்கிறது என்று ஒன்று. கரையான் இல்லை. பாங்கில் யாரும் கேட்கவில்லை. இவற்றில் எதற்கும் நீ வராதது எனக்கு இப்போது நியாயமாகவே படுகிறது. நான் செய்து முடித்ததைச் சொல்லிவிட்டேன் என்பதற்காக நீ வந்தாக வேண்டும் என்றும் இல்லை, அப்படி ஒரு பேரமாக இதை எழுதவில்லை. நீ இன்னும் கோபமாகவே இருக்கலாம். கோபத்தோடேயே வரலாம், சாப்பிட்டுக்கொண்டே தமிழில் சண்டை போடலாம், நான் இனிப்புத் தட்டை நகர்த்த மாட்டேன்.

உனக்கு இங்கே எந்த வேலையும் இல்லை, கண்ணு. எந்தக் கையெழுத்தும் தேவையில்லை. அடுத்த அறையிலிருந்து பாதிப் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும். அதற்காக மட்டும் வா.

அப்பா